மெய்யுவின் கல்யாணப் பேனா

என் உமைக்கு,

இன்று காலை எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, இடது கையால் உன் மகளின் பெயரை எழுதிப் பார்த்தேன். மெய்யம்மை. ஐந்தே எழுத்து. ஐந்தும் ஐந்து திசைக்குப் போயின. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகச் சிலேட்டைப் பிடித்தவள் போலிருந்தேன்.

காப்பி கேட்டு வந்த என் வீட்டுக்காரர் கதவருகே நின்று பார்த்தார். "என்ன, கைய மாத்திட்ட? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்த?"

"நிப்பு பாக்குறேன்."

"சரி, நீ நிப்பப் பாரு. காப்பிய நான் பாத்துக்கிறேன்" என்று அடுப்படிக்குப் போனார். நீ நம்ப மாட்டாய், அவருக்கு இப்போது காப்பி போட வருகிறது. உன் கைக் காப்பி போல இருக்காது. குடிக்கலாம்.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சொல்ல என்ன இருந்தது? மழை பெய்தது, வெயில் அடித்தது, லேத் ஓடியது. இப்போது சொல்ல ஒரு சேதி இருக்கிறது. மெய்யுவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இளையாத்தங்குடிக் கோவிலைச் சேர்ந்தவர்கள். பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், நிதானமானவன், யாராவது பேசினால் கடைசிவரை கேட்கிறான். உனக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். பிடித்திருக்குமா?

கல்யாணம் நெற்குப்பை வீட்டில். உங்கள் கல்யாணங்களில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சபையில் உட்கார்ந்து, இன்னார் மகளை இன்னார் மகனுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடும் இசைகுடிமானம் இருக்கிறதே, அதற்கு ஒரு பேனா வேண்டும் என்று சிதம்பரம் அண்ணன் என்னிடம் வந்தார். உன் கணவர் என் பட்டறைக்குள் காலை வைத்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடமும் காரிலேயே இருந்து ஹாரன் அடித்து உன்னைக் கூப்பிட்டவர் அவர்.

துண்டில் சுற்றி ஒரு கட்டையைக் கொண்டுவந்திருந்தார். நெற்குப்பை வீட்டின் பின்கட்டுக் கதவு நிலை போன மழையில் விட்டுப்போயிற்றாம். அதில் அறுத்த பர்மாத் தேக்கு.

"இதுல செய்ங்க தங்கச்சி. செலவப் பாக்காதீக. பாத்தா அசந்துபோகணும். கல்யாணம் முடிஞ்சதும் கண்ணாடிப் பெட்டியில வச்சு ஹால்ல வைக்கப் போறேன். ஸ்டாண்டும் நீகளே செஞ்சு குடுத்துருங்க."

"எழுதவும் வேணும்ல அண்ணே?"

"ரெண்டு கையெழுத்து. அதுக்கு மேல எதுக்கு எழுதணும்? அது எழுதாட்டாலும் சட்டைப் பையில பால்பாயின்ட் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தைத்தான் நினைத்தோம்.

உனக்கு மறந்திருக்காது. அண்ணனின் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் இரண்டு பேரும் முதன்முதலாகச் செய்த ஷோகேஸ் பேனா. ஒரு மாதம் இழைத்தோம். மூடியில் ஆத்தங்குடித் தரைக்கல்லில் வரும் எட்டு இதழ்ப் பூ, பித்தளைக் கம்பியில் நீயே பதித்தது. சபையில் வெள்ளித் தட்டு, மஞ்சள் அரிசி, அதன் நடுவில் நம் பேனா. படம் நன்றாக வர வேண்டும் என்று போட்டோக்காரர் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார். பெரியவர்கள் யார் பெயரை முதலில் எழுதுவது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். மேலே மின்விசிறி சுற்றிச் சுற்றி, திறந்த நிப்பில் மை காய்ந்தது. கடைசியில் பெரியவர் எடுத்து எழுதினால் ஒரு கோடுகூட விழவில்லை. உதறினார். ஒன்றுமில்லை. ஓங்கி உதறினார். மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை நீலம்.

யாரோ, "என்ன இது, நல்ல காரியத்துல" என்று தொடங்கினார்கள். நீ தூணோரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்து சொன்னாய்: "திருஷ்டிப் பொட்டு வச்சாச்சு பெரியப்பச்சி. இன்னைக்குச் சபையிலயே நீகதான் அழகுன்னு பேனாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த மனிதர்தான் முதலில் சிரித்தார். பிறகு பால்பாயின்ட்டில் கையெழுத்துப் போட்டார்கள். காரில் திரும்பினோம். திருப்பத்தூர் தாண்டியதும்தான் சொன்னாய். "இனிமே எழுதாத பேனா செய்யக் கூடாதுடி. எவ்வளவு அழகா இருந்தாலும் சரி, வச்சதும் எழுதணும்." அன்றிலிருந்து அதுதான் நம் பட்டறையின் ஒரே சட்டம்.

மெய்யுவின் பேனாவுக்கு வருகிறேன்.

பொருள் தேர்ந்தெடுப்பது எப்போதும் உன் வேலை. நீ வரைவாய், நான் கடைவேன். "இந்தக் கருப்பு வேணாம், அந்தக் கருப்பு" என்று இரண்டு எபோனைட் ரப்பர் தண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பாய். எனக்கு இரண்டும் ஒரே கருப்பாகத் தெரியும். இந்தமுறை நானே நின்றேன். நேரம் போகப் போக ஒன்றில் லேசாகப் பழுப்பு தெரிந்தது. இவ்வளவு நாள் நீ சொன்னது உண்மைதான் போல.

தேக்கு எண்ணெய் விட்ட மரம். அதில் நேராகத் திருகு மரை வெட்டினால் ஒரு வருடத்தில் பிடி விட்டுவிடும். அதனால் உள்ளே எபோனைட் குழல், மேலே தேக்கு என்று முடிவு செய்தேன். முதல் துண்டை லேத்தில் மாட்டி இரண்டு சுற்றுக்கூட ஆகவில்லை, டங்கென்று ஒரு சத்தம். மரத்துக்குள் ஆணி. எந்தக் காலத்து ஆணியோ. உளி முனை போயிற்று, துண்டும் இரண்டாகப் போயிற்று.

"கதவ அறுத்துப் பேனா செய்யிற ஊரு உலகத்துல இது ஒண்ணுதான்" என்றார் என் வீட்டுக்காரர். பக்கத்து லேத்தில் மோட்டார் புஷ் கடைந்துகொண்டிருந்தார். "எனக்கு வர்ற கிராக்கி எல்லாம் இரும்பக் குடுக்குது, உள்ள இரும்புதான் இருக்கு. உனக்கு வர்றவுக மரத்தக் குடுக்குறாக, உள்ள இரும்பு இருக்கு."

இரண்டாவது துண்டில் ஆணி இல்லை. ஆனால் ஆணி இருந்த இடத்தின் துருக் கறை, தேக்கின் ரேகையோடு ரேகையாகக் கருநீலத்தில் ஓடியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாமா என்று அண்ணனைக் கேட்டேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

மாப்பிள்ளையின் தங்கை போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே தங்கத் தூள் சுழன்று நிற்கிறது. "இந்த மாதிரி மின்னணும் ஆன்ட்டி" என்று எழுதியிருந்தாள். பழைய நானாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பேன். மின்ன வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு? கல்யாணம்தானே. மூடிக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு வெள்ளிப் பூண் போடலாம், அதில் எட்டு இதழ்ப் பூவைச் செதுக்கலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். மறுநாளே வெள்ளி கொண்டுவந்தார். உன் குங்குமச் சிமிழ். மூடி நெளிந்து திறக்க வராமல் கிடந்ததாம். மேசையில் வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் நோட்டையும் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் நீ வைத்திருந்த கோடு போடாத நோட்டு. கடைசியில் ஒரு பக்கத்தில் 'மெய்யுவுக்கு' என்று எழுதி ஒன்பது பேனா வரைந்திருக்கிறாய். ஒன்பதையும் அடித்திருக்கிறாய். ஏன் உமை? எது பிடிக்கவில்லை உனக்கு? ஆறாவது மிகவும் நன்றாக இருந்தது. வால் பக்கம் சற்றே குறுகி, மூடி நேராக நிற்கிற வடிவம். நீ அடித்ததையே எடுத்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால் ஒரு சண்டை நடந்திருக்கும், நான்தான் ஜெயித்திருப்பேன்.

இதுவரை எல்லாம் சுமுகம். போன ஞாயிற்றுக்கிழமை மெய்யு வந்தாள்.

கடைசலை நிறுத்திவிட்டு வருவதற்குள், பட்டறை மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். போன் வந்ததும் பேச வெளியே போனாள். அவள் எழுதிய தாளைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த மாதிரித் தாளின் பின்பக்கம். மெய்யம்மை, மெய்யம்மை, மெய்யம்மை என்று ஒரு பக்கம் நிறையக் கையெழுத்து. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல ஒவ்வொன்றும் கோணிக்கொண்டு. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. உன்னைப் போலவே இடது கைக்காரி, வலது கையால் எழுதியிருக்கிறாள்.

திரும்பி வந்தவளிடம் கேட்டேன். "இது என்னத்தா?"

"அப்பச்சி சொன்னாக சின்னம்மா. அவுகளும் சம்பந்தியும் இசைகுடிமானத்துல போட்டதும், அங்குட்டே நாங்க ரிஜிஸ்டர் பாரத்துல போடணுமாம். சபைக்கு முன்னாடி. 'அன்னைக்கு ஒரு நாள் சோத்துக் கையில போட்ருத்தா'ன்னாக."

"அப்பாகிட்ட நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். ஒரு கையெழுத்துதானே? அப்பச்சிக்கு அம்மா போனதுல இருந்தே எதுலயும் யாரும் குறை சொல்லிரக் கூடாதுன்னு ஒரு பயம். பாவம்." பிறகு தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாக?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காப்பி குடிக்கிறியா?" என்றேன்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடே சுற்றுகிறது. பதில் தெரியாததால் அல்ல. தெரிந்தும் வாயைத் திறக்காததால்.

நம் பட்டறை எப்படித் தொடங்கியது என்று மெய்யுவிடம் நீ சொன்னதுண்டா? காரைக்குடியில் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோது உன் இடது முழங்கையும் என் வலது முழங்கையும் மூன்று வருடம் இடித்துக்கொண்டன. உன் சுண்டுவிரலோரம் எப்போதும் நீலமாக இருக்கும். எழுதிய வரியின் மேலேயே உன் கை நகர்ந்து போகும். எந்தப் பேனாவும் உனக்கு ஒத்துவராது. வலது கைக்காரர்கள் நிப்பை இழுத்து எழுதுகிறோம், நீ தள்ளி எழுதுகிறாய், அதனால் அது தாளைக் குத்துகிறது என்று எனக்குப் புரியவே வருடங்கள் ஆயின. கல்யாணமாகி, செக்காலையில் இவர் பட்டறைக்கு வந்து, சும்மா இருந்த சின்ன லேத்தை நான் பிடித்த பிறகு, ஒரு நாள் உன் நிப்பை வாங்கி நைசுக் கல்லில் ஒரு ஓரத்தை மட்டும் மழுக்கிக் கொடுத்தேன். நீ எழுதினாய். நிறுத்தினாய். மறுபடி எழுதினாய். "ஏடி தனம், என் பேர எழுதுறப்ப இது என்னயத் தடுக்கல" என்றாய். முப்பத்தொரு வயது வரைக்கும் அது உன்னைத் தடுத்திருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நம் முதல் வேலை கருப்பு எபோனைட் அல்ல, ஆத்தங்குடிப் பூ அல்ல. உன் இடது கைக்கு ஒரு நிப். அவ்வளவுதான்.

உன் கல்யாணத்தில் பால் சொம்பை எந்தக் கையால் வாங்கினாய், எந்தக் கையால் பரிமாறினாய் என்று எத்தனை கண்கள் பார்த்தன. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வலது கையால் செய்தாய். மெய்யு மூன்று வயதில் இடது கையால் கிரேயான் எடுத்தபோது உன் மாமியார் மாற்றி வைத்தார்கள். நீ திரும்ப மாற்றி வைத்தாய். அவர்கள் வலது கையில் வைக்க, நீ இடது கையில் வைக்க, கடைசியில் கிரேயான் உடைந்து இரண்டு கைக்கும் ஆளுக்குப் பாதி கிடைத்தது என்று சொல்லிச் சிரித்தாய். சத்தம் போட்டுப் பேசியிருந்தால் அது சண்டை. நீ பேசவே இல்லை. கிரேயானை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாய்.

சிதம்பரம் அண்ணன் கெட்டவர் இல்லை. உனக்குத் தெரியாததா? அவர் பயப்படுகிறார். தாயில்லாத பிள்ளைக்கு இதைக்கூடச் சொல்லிக் கொடுக்க ஆளில்லையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பயத்தோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அங்கே என்ன உரிமை என்ற யோசனையும் உண்டு. நான் உங்கள் ஆளும் இல்லை, பங்காளியும் இல்லை. மெய்யு வாய் நிறையச் சின்னம்மா என்கிறாள், அது ஒன்றுதான்.

நேற்று சாயங்காலம் பேனா முடிந்தது. நிப் தவிர. மெழுகு போட்டுத் துடைத்தபோது தேக்கு தேன் நிறத்துக்கு வந்தது. வெள்ளிப் பூணில் பூ, அதற்குக் கீழே அந்தக் கருநீலக் கறை. மூடியைத் திருகினால் ஒன்றரைச் சுற்றில் நிற்கிறது, ரேகையும் ரேகையும் சேர்ந்துகொள்கின்றன. இவர் வந்து வாங்கிப் பார்த்தார். அவருக்கு என் வேலையில் ஏதாவது குறை சொல்லியே ஆக வேண்டும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கனம் கொஞ்சம் கூட" என்று வைத்துவிட்டுப் போனார். போய், திரும்பி வந்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார். நீ அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

உன் பழைய பேனாவின் நிப்பைக் கழற்றி இதில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பார்க்க உருக்கமாக இருக்கும். ஆனால் சரிவராது. அது உன் மணிக்கட்டுக்குத் தேய்ந்தது. மெய்யு உன்னைப் போல எழுதுவதில்லை. கையை மேலே வளைத்து, வரியைத் தனக்குக் கீழே வைத்து எழுதுகிறாள். அவள் விரலில் மை படுவதே இல்லை. உன் மகள்தான், ஆனால் உன் கை இல்லை. உன் நிப் அவளையும் குத்தும்.

அதனால்தான் இன்று காலை அவள் மாதிரியே கையை வளைத்து அவள் பெயரை எழுதிப் பார்த்தேன். எங்கே குத்துகிறது, எங்கே வழுக்குகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இருபது தடவை எழுதியதும் தெரிந்தது. காப்பி ஆறிப்போயிற்று.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, இவரிடமும் இல்லை. மெய்யுவின் கல்யாணம் முடிந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை ஏதாவது ஓர் இதழில் அச்சுக்குத் தருவேன். உனக்கு மட்டும் இப்போதே சொல்கிறேன். இந்தப் பேனாவின் நிப்பை இடது கைக்குத் தேய்க்கப் போகிறேன். வளைந்த மணிக்கட்டுக்கு, மெய்யுவின் கோணத்துக்கு. வலது கைக்கு அது எழுதாமல் போகாது, நம் சட்டத்தை மீற மாட்டேன். ஆனால் லேசாக முரண்டு பிடிக்கும். அண்ணன் கையெழுத்துப் போடும்போது தாளில் ஒரு சின்னக் கீறல் சத்தம் கேட்கும். சம்பந்தி நிமிர்ந்து பார்க்கலாம். பார்க்கட்டும். பிறகு பேனா மெய்யுவிடம் போகும். எந்தக் கையில் வாங்குகிறாள் என்பது அவள் பாடு. வலது கையில் போட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். இடது கைக்கு மாற்றினால் அது அவளைத் தடுக்காது. கிரேயானை நான் ஒருமுறை மாற்றி வைக்கிறேன், அவ்வளவுதான்.

கண்ணாடிப் பெட்டிக்கு ஸ்டாண்டு கேட்டாரே அண்ணன், அதைக் கொஞ்சம் தாமதமாகச் செய்வேன். மெய்யு பேனாவை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறும்வரை.

நீ கவலைப்படாதே. அன்று தட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். பெரியவர்கள் எத்தனை மணி நேரம் பேசினாலும், போட்டோக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும், அந்த மூடியை என் கையால்தான் திறப்பேன். வைத்ததும் எழுதும்.

இப்படிக்கு,
உன் பெஞ்சுத் தோழி,
உன் மகளுக்குச் சின்னம்மா,
தனம்